விரல் போன பிறகு: இ.எஸ்.ஐ. விபத்துப் பயன் குறித்து ஒரு குடும்பத்தின் மதிப்புரை

கோயம்புத்தூரில் மோட்டார் ஸ்டாம்பிங் அடிக்கும் சிறு பட்டறை ஒன்றில், தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் இயந்திரத்தை ஓட்டி வந்த என் தம்பிக்கு, 2023 ஜூலையில் ஓர் இரவு ஷிப்டில், வலது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணுக்களும் நடுவிரலில் ஒரு கணுவும் துண்டாகிப் போயின. அன்று தொடங்கி அவனுக்கு இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் நிரந்தர ஊனப் பயன் வந்து சேர்ந்த நாள் வரை, ஒவ்வொரு படிவத்தையும் கையில் ஏந்தி அலைந்தவள் நான். வேறொரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பதால் காகிதங்கள் எனக்குப் பழக்கமானவை. அப்படியிருந்தும் திணறினேன். பவர் பிரஸ், லேத், நூல்மில், கட்டுமானம் என்று உடம்பை வைத்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கு உதவும் என்பதால், அந்தச் சேவையை நாங்கள் எப்படிக் கண்டோம் என்பதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் என் தீர்ப்பு: இந்தத் திட்டம் கொடுக்கும் பணமும் கொடுக்கும் முறையும் நன்றாக இருக்கின்றன, ஆனால் அதற்குள் நுழையும் கதவின் சாவி முதலாளியின் கையில் இருக்கிறது. விபத்து நடந்த முதல் சில மணி நேரத்தில் மருத்துவமனையில் யார் என்ன எழுதுகிறார்கள் என்பதை வைத்தே அடுத்து வரும் எல்லாம் நடக்கிறது. அந்த நேரத்தில் தொழிலாளி மயக்கத்திலோ வலியிலோ கிடக்கிறான். பக்கத்தில் நிற்பவர் முதலாளியின் ஆள்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. விடியற்காலை ஐந்து மணிக்குள் பட்டறையின் சூப்பர்வைசர் அவனைத் தன் காரிலேயே ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். விரைந்து சேர்த்ததற்கு அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ஆறரை மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தம்பியின் கை பஞ்சும் துணியுமாக ஒரு பெரிய உருண்டையாகக் கட்டப்பட்டிருந்தது. கட்டிலின் கால்மாட்டில் கேஸ் ஷீட் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். காயம் ஏற்பட்ட விதம் என்ற இடத்தில், வீட்டில் இரும்புக் கதவின் இடுக்கில் விரல் சிக்கியதாக எழுதியிருந்தது. தம்பியிடம் கேட்டேன். "மொதலாளி சொல்லச் சொன்னாருன்னாங்க, நானும் தலையாட்டிட்டேன் அக்கா" என்றான். சற்று நேரத்தில் முதலாளியே வந்தார். "ஏனுங் அம்மிணி, ஆஸ்பத்திரிச் செலவு மொத்தத்தையும் நான் பாத்துக்கறனுங்க. எதுக்குங்க வீணா ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சுட்டு?" என்று ஆறுதலாகத்தான் சொன்னார். செலவைச் செய்யவும் செய்தார். ஆனால் அந்த ஒற்றை வரி அப்படியே நின்றிருந்தால், என் தம்பிக்கு இனி ஆயுள் முழுவதும் வர இருக்கும் பணத்தில் ஒரு ரூபாய்கூட வந்திருக்காது. வீட்டுக் கதவில் நசுங்கிய விரலுக்கு விபத்துப் பயன் கிடையாது.

நான் டியூட்டி டாக்டரைத் தேடிப் பிடித்தேன். முன்பு எழுதியதை அடிக்க முடியாது, ஆனால் நோயாளி தெளிவாக இருப்பதால் அவரே சொல்வதைத் தனியாகப் பதிவு செய்யலாம் என்றார் அவர். தம்பி சொன்னான். இரவு ஷிப்டில், இன்ன பட்டறையில், பிரஸ் இயந்திரத்தில் தகடு வைக்கும் அச்சான டைக்குள் கை இருக்கும்போது பெடல் அழுந்திவிட்டது என்று நேரம் குறித்து எழுதி, அவர் கையெழுத்திட்டார். அந்தப் பதிவோடு கூடிய ஏ.ஆர். காப்பியை, அதாவது மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலை, வாங்கி என் மஞ்சள் பையில் வைத்தேன். பின்னர் எங்கள் கோப்பில் எந்தக் கேள்வி எழுந்தாலும் அதற்குப் பதிலாக அமைந்தது அந்த ஒரு தாள்தான்.

முதலாளிகள் ஏன் மறைக்கிறார்கள் என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. இழப்பீட்டுப் பணம் அவர் பையிலிருந்து போவதில்லை. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு, நிறுவனம் தன் பங்காக 3.25 சதவீதம் சேர்த்துக் கட்டுகிறது. அந்தச் சந்தாவைக் கட்டிவிட்டால் விபத்துக்கான பணம் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தின் பொறுப்பு. பிறகுதான் புரிந்தது, அவர்களுடைய பயம் பணத்தைப் பற்றியது அல்ல. விபத்து அறிக்கை எழுத்தில் போனால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திலிருந்து ஆய்வாளர் வரக்கூடும். இயந்திரத்துக்குத் தடுப்பு இருந்ததா, உள்ளே கை இருந்தால் இயந்திரத்தை நிறுத்தும் சென்சார் வேலை செய்ததா, வருகைப் பதிவேட்டில் இரவு ஷிப்ட் காட்டப்பட்டிருக்கிறதா என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விகளைத் தவிர்ப்பதற்காகத்தான் ஒரு மனிதனின் வலது கையை வீட்டுக் கதவில் நசுக்குகிறார்கள்.

சட்டத்தில் முதலாளியின் கடமை தெளிவாகத்தான் இருக்கிறது. விபத்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். படிவம் 12 எனப்படும் விபத்து அறிக்கையை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். உறுப்பு இழப்பு போன்ற கடுமையான காயமானால் உடனடியாக அனுப்ப வேண்டும். எங்களுக்கு அது போனது பதினோராம் நாள், அதுவும் பட்டறைப் பகுதியின் தொழிற்சங்கத் தோழர் ஒருவர் என்னோடு வந்து முதலாளியிடம் பொறுமையாக எடுத்துச் சொன்ன பிறகு. அதில் விபத்து நாளை ஒரு நாள் தள்ளிக் குறித்திருந்தார்கள். நள்ளிரவு தாண்டிய ஷிப்ட் என்பதால் வந்த குழப்பமாகவும் இருக்கலாம். ஏ.ஆர். காப்பியில் ஒரு தேதியும் படிவத்தில் இன்னொரு தேதியும் இருந்ததால் கோப்பு நின்றது. திருத்தக் கடிதம் வாங்கிக் கொடுத்த பிறகே நகர்ந்தது. இந்த ஒரு நாள் வித்தியாசம் எங்களுக்கு ஏறக்குறைய ஒரு மாதத்தைத் தின்றது. இரவு ஷிப்டில் விபத்து நடந்தவர்கள் இந்த ஒன்றை மறக்காமல் சரிபார்க்க வேண்டும்.

முதலாளி அறிக்கை அனுப்பவே மறுத்தால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். காயம்பட்டவரோ அவர் சார்பில் வேறொருவரோ எழுத்திலும் வாய்மொழியாகவும் விபத்தைத் தெரிவிக்கலாம். விபத்தை நிறுவ, ஏ.ஆர். காப்பியும் உடன் வேலை செய்தவரின் சாட்சியும் அப்போது பெரிதும் உதவும். ஆனால் உடன் வேலை செய்தவர் அதே முதலாளியிடம்தான் அடுத்த சனிக்கிழமை வாரக்கூலி வாங்க வேண்டும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். எங்களுக்குச் சாட்சி சொல்ல முன்வந்தவர் ஒடிசாவிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர் மட்டுமே.

இனி பணத்தின் கதை. தொழிலாளி வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு வழங்கப்படுவது தற்காலிக ஊனப் பயன். சராசரி நாள் கூலியில் 90 சதவீதம், ஊனம் நீடிக்கும் வரை. சாதாரண நோய்க்கான பயன் 70 சதவீதம்தான், அதற்கும் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். விபத்துக்கு அந்த நிபந்தனையே இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. இந்தப் பகுதியைப் படித்தபோது, யாரோ பட்டறைத் தரையில் நின்று பார்த்துவிட்டு எழுதிய சட்டம் என்று எனக்குத் தோன்றியது. தம்பிக்கு ஷிப்டுக்கு 600 ரூபாய் கூலி. அதில் 90 சதவீதம் 540 ரூபாய். ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். 82 நாட்களுக்கு 44,280 ரூபாய் அவனுடைய வங்கிக் கணக்குக்கே நேராக வந்தது. மாதத்துக்கு 26 நாள் ஓட்டி 15,600 ரூபாய் வாங்கியவனுக்கு, 30 நாளுக்கு 16,200 ரூபாய். அந்த மூன்று மாதம் எங்கள் வீட்டில் கைமாற்று வாங்காமல் அடுப்பு எரிந்தது.

ஆனால் இதிலும் ஒரு குழி இருக்கிறது. ஜூலையில் நடந்த விபத்துக்கு, அதற்கு முந்தைய அக்டோபர் முதல் மார்ச் வரையிலான சந்தாக் காலத்தின் கூலியை வைத்துத்தான் விகிதத்தைக் கணக்கிடுவார்கள். அந்த ஆறு மாதமும் தம்பி ஓவர்டைம் நிறையப் பார்த்தவன். அந்தப் பணம் கவரில் போட்டுத் தனியாகக் கொடுக்கப்பட்டது. கணக்கில் ஏறவே இல்லை. ஓவர்டைமுக்கும் சந்தா பிடிக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. பிடித்திருந்தால் நாள் விகிதம் கூடியிருக்கும், அதை ஒட்டிப் பின்னால் வரும் ஆயுள் பயனும் கூடியிருக்கும். கவரில் வரும் காசுக்கு 0.75 சதவீதம் பிடிக்கவில்லை என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. இப்போது எங்கள் தெருவில் வேலைக்குப் போகும் எல்லாரிடமும் உமங் செயலியில் தங்கள் பெயரில் எவ்வளவு கூலி காட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்லி வருகிறேன்.

சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் குறை இல்லை. முதல் அறுவைக்குப் பிறகு இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு மாற்றிக்கொண்டோம். கூட்டம் அதிகம், வரிசை நீளம். ஆனால் கட்டுப் பிரித்த செவிலியரின் கை பொறுமையான கை. பிசியோதெரபிக்கு வாரம் மூன்று நாள் அழைத்தார்கள். ஒரு பைசா கேட்கவில்லை. மருத்துவச் சான்றிதழ்களை மட்டும் ஒரு நாள் இடைவெளிகூட விழாமல் தொடர்ச்சியாக வாங்கிக்கொள்ள வேண்டும். நடுவில் விட்டுப்போகும் நாளுக்குப் பயனைக் கேட்பது சிரமம்.

வேலைக்குப் போகத் தகுதி என்று ஃபைனல் சர்டிபிகேட் கொடுத்ததும் பலர் எல்லாம் முடிந்தது என்று எண்ணி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இழப்பீட்டின் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நிலைத்துவிட்ட ஊனத்துக்கு மெடிக்கல் போர்டு முன்பு நிறுத்தி, சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் இழப்பு என்று மதிப்பிடச் செய்ய வேண்டும். அப்போதைய இ.எஸ்.ஐ. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் ஒவ்வோர் உறுப்புக்கும் எண் இருந்தது. கட்டைவிரல் முழுவதும் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14, இரண்டு கணுக்களானால் 11, ஒரு கணுவானால் 9. நடுவிரலில் ஒரு கணுவுக்கு 7. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. விரலை இப்படி எண்ணில் வாசிக்கும்போது நெஞ்சு கனத்தது. ஆனாலும் போர்டுக்குப் போகும் முன்பு குடும்பத்தில் ஒருவராவது அந்த அட்டவணையைப் படித்திருப்பது அவசியம். எங்களுக்கு 11-ம் 7-ம் சேர்ந்து 18 வர வேண்டும் என்று தெரிந்தே போனேன்.

போர்டு அன்று மேசைக்குப் பின்னால் மருத்துவர்கள் அமர்ந்திருந்தார்கள். கையை மூடித் திறக்கச் சொன்னார்கள். பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஒருவர் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து மேசைக் கண்ணாடி மேல் வைத்து, எடுக்கச் சொன்னார். தம்பி கட்டைவிரலையும் மோதிரவிரலையும் குவித்து முயன்றான். நாணயம் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டே போய் விளிம்புக்கு வந்து, அவன் இடது கையில் விழுந்தது. மோதிரவிரல் முழுதாக மடங்காமல் விறைத்திருப்பதை அப்போதுதான் அவர்கள் கவனித்தார்கள். அதையும் சேர்த்து 20 சதவீதம் என்று எழுதினார்கள். விறைப்பு, உணர்ச்சியின்மை போன்றவை அட்டவணையில் நேரடியாக இல்லாவிட்டாலும் மதிப்பீட்டில் சேரக்கூடியவை என்பதால், அவற்றைக் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். நம் ஆண்கள் வலியைச் சொல்வதை அவமானமாகக் கருதுகிறார்கள். போர்டின் மதிப்பீடு குறைவு என்று தோன்றினால் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு மூன்று மாதத்துக்குள் போகலாம். தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றமும் இருக்கிறது. எங்களுக்கு அவை தேவைப்படவில்லை.

540 ரூபாயில் 20 சதவீதம் 108 ரூபாய். நாளொன்றுக்கு 108 ரூபாய், அவன் உயிரோடு இருக்கும் வரை. அவன் வேலைக்குப் போனாலும் நிற்காது. தற்காலிகப் பயன் முடிந்த மறுநாளிலிருந்து கணக்கிட்டு, போர்டு கூடும் வரையிலான 147 நாட்களுக்கு 15,876 ரூபாய் நிலுவையாக வந்தது. விலைவாசியை ஒட்டி அவ்வப்போது இந்தப் பயனை உயர்த்துவதும் உண்டு. அவ்வப்போது உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும்.

ஒரே தொகையாகக் கிடைக்காதா என்று உறவினர்கள் கேட்டார்கள், நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வராத தொழிலாளர்களுக்கு அப்போது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பொருந்தியது. அதன்படி மாத ஊதியத்தை 15,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அதில் 60 சதவீதமான 9,000 ரூபாயை, வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 35 வயதான தம்பிக்கு அந்தக் காரணி 197.06. முழு ஊனத்துக்கு வரும் 17,73,540 ரூபாயில் 20 சதவீதம் எடுத்தால் 3,54,708 ரூபாய். இ.எஸ்.ஐ. வழியாக அவனுக்கு வருவது ஆண்டுக்கு 39,420 ரூபாய். ஆக ஒன்பதே ஆண்டில் அந்தத் தொகையைத் தொட்டுவிடும், அவனோ 60 வயது வரை இருந்தாலே 25 ஆண்டு வாங்குவான். மொத்தமாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் எனக்குத் தெரியும். பாதி அப்பாவின் பழைய கடனுக்கும் மீதி ஒரு சீருக்கும் போயிருக்கும். இ.எஸ்.ஐ.யில் காப்பீடு பெற்றவர் இரண்டையும் கோர முடியாது என்று சட்டமே தடுத்திருக்கிறது. எங்கள் விஷயத்தில் அந்தத் தடை நன்மையாகவே முடிந்தது.

இன்னொரு வித்தியாசம் இதைவிட முக்கியம். தம்பி சென்சாரை அணைத்துவிட்டு ஓட்டினான் என்று முதலாளி தரப்பில் ஒரு பேச்சு எழுந்தது. உண்மையில் சென்சார் பல மாதமாகவே வேலை செய்யவில்லை. ஆனால் அந்தக் குற்றச்சாட்டு உண்மையாகவே இருந்தாலும், முதலாளியின் தொழிலுக்காகச் செய்த வேலையில் நடந்த விபத்து என்பதால், விதியை மீறினான் என்ற காரணத்தால் மட்டும் இ.எஸ்.ஐ. பயன் பறிபோகாது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலோ, பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றினார் என்று நிறுவப்பட்டால், மரணமோ நிரந்தர முழு ஊனமோ அல்லாத காயங்களுக்கு முதலாளி பொறுப்பிலிருந்து தப்ப இடமிருந்தது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துகளை, வேலையோடு தொடர்பு நிறுவப்பட்டால் ஏற்றுக்கொள்ளும் பிரிவும் 2010-லேயே இ.எஸ்.ஐ. சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதிகாலைப் பேருந்தில் மில்லுக்குப் போகும் பெண்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இவ்விரு சட்டங்களும் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. இனி விண்ணப்பிப்பவர்கள் பிரிவு எண்களைப் புதிய தொகுப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் திட்டத்தில் சேர முடியாது என்ற வரம்பு 2017 ஜனவரியில் வைத்தது. அனுபவமுள்ள ஃபிட்டர்கள் பலர் இன்று அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். பத்துப் பேருக்குக் குறைவாகக் காட்டப்படும் பட்டறைகளிலும் நிலைமை அதுவே. தொழில் மறுவாழ்வுப் பயிற்சிக்கான உதவித்தொகை 40 சதவீத ஊனத்திலிருந்துதான் தொடங்குகிறது. 20 சதவீதம் என்பது அட்டவணைக்குச் சிறிய எண்ணாக இருக்கலாம், ஆனால் வலது கையால் ஸ்டாம்பிங் தகட்டை எடுத்து டையில் வைத்துப் பிழைத்தவனுக்கு அவன் தொழிலே போய்விட்டது. அவனுக்கு வேறு கைத்தொழில் கற்றுக்கொடுக்க இந்தத் திட்டத்தில் வழியில்லை என்பதே என் பெரிய வருத்தம்.

இடைத்தரகர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. போர்டுக்கு முந்தைய வாரம் ஒருவர் எங்கள் வீட்டுக்கே வந்து, சதவீதத்தைக் கூட்டித் தருவதாகவும் நிலுவையில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். இந்த விண்ணப்பங்களில் எதற்கும் கட்டணம் கிடையாது. சந்தேகம் இருந்தால் 1800-11-2526 என்ற கட்டணமில்லாத எண்ணில் கேட்கலாம். கிளை அலுவலகத்திலும் நேரில் கேட்டால் பதில் கிடைத்தது; அங்கே கவுண்டரில் இருந்த பெண்மணி எங்கள் கோப்பைப் பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "ஏ.ஆர். காப்பி இருக்குதுங்களாம்மா?" என்பதுதான்.

தம்பி இப்போது ஒரு குடோனில் சரக்குக் கணக்கு எழுதுகிறான், இடது கையால். பழைய பட்டறையில் அந்தப் பிரஸ்ஸுக்குப் பெடலை எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால் மட்டுமே இறங்கும் பட்டன்களைப் பொருத்திவிட்டார்கள் என்று சாட்சி சொன்ன அந்த இளைஞர் போன மாதம் போனில் சொன்னார்.